கஞ்சாவுக்கு யார் கணக்குப்பிள்ளை?

மாதத்துக்கு நாலு தடவையாவது அந்தப் படம் பேப்பரில் வந்துவிடும். ஒரு மேஜை. மேஜை மேல் பழுப்பு டேப் சுற்றிய பொட்டலங்கள். பின்னால் விறைப்பாக நிற்கும் காக்கிச் சட்டைகள். முன்னால், தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு, மூன்று பேர். கைலி, கசங்கிய சட்டை, ரப்பர் செருப்பு. சமயத்தில் தலை நரைத்த பாட்டி ஒருவரும் இருப்பார். கீழே நாலு வரி: 'தேனி அருகே கஞ்சா கடத்தல்... மூவர் கைது!'

எனக்கு பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான் இன்றுவரை மறக்கவில்லை. ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு இருந்தே தீர வேண்டும். சரக்கு ஒரு பக்கம் நகர்ந்தால், பணம் எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கும். இரண்டையும் எழுதினால்தான் அது கணக்கு. ஒன்றை மட்டும் எழுதினால், அதற்கு ஊரில் வேறு பெயர் சொல்வார்கள்.

அந்தப் படத்தை இனிமேல் பார்க்கும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சரக்கு இருக்கிறது. சுமந்தவன் இருக்கிறான். பிடித்தவர் இருக்கிறார். பணம் போட்டவன் எங்கே?

அவன் அந்தப் படத்தில் இருக்கவே மாட்டான். 40 வருஷமாக இல்லை!

*

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்கு சுமார் 25 கிலோமீட்டர். முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் மலை ஏற ஆரம்பித்துவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும்; மேலே போய் இறங்கினால் ஸ்வெட்டர் தேடுவீர்கள். அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை... கண்ணுக்கெட்டியவரை ஏலக்காய். காடு கேரளத்தில், ஏலம் விடுகிற சந்தை போடியில், வேலைக்குப் போகிற கைகள் தேனி மாவட்டத்தில். மூன்றையும் கட்டியிழுப்பது இந்த ஒரு ரோடு.

ஏலக்காய்க்கு எது பிடிக்குமோ, அதில் பாதி கஞ்சாவுக்கும் பிடித்துப்போனது இந்த மலையின் துரதிர்ஷ்டம். அதற்கு ஒரு தாவரவியல் காரணம் உண்டு. அந்தச் செடி பூப்பது இரவின் நீளத்தைப் பார்த்து. லண்டனில் ஜூன் மாதம் 16 மணி நேரத்துக்கு மேல் பகல். அங்கே திறந்தவெளியில் நட்டால், கோடை முடிந்து இரவு நீளும் வரை காத்திருந்துதான் பூக்கும். அதற்குள் குளிர் வந்துவிடும். வருஷத்துக்கு ஒரு போகம், அவ்வளவுதான். நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆகவே எந்த மாதம் வைத்தாலும் செடிக்கு அது பூக்கும் காலம்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையின் வாடையும் படுகிற மலை வேறு. ஒரு சரிவில் அறுக்கும்போது இன்னொரு சரிவில் பூ வைத்திருக்க முடியும்.

இதை விவசாயக் கண்ணால் பார்த்தால் 'மண்ணின் மகிமை' என்பீர்கள். நான் வியாபாரக் கண்ணால் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை அறுக்கிற பயிரில் போட்ட பணம் வருஷம் பூரா முடங்கிக் கிடக்கும். வருஷம் முழுக்க மாறி மாறி வருகிற பயிரில் அதே பணம் மறுபடி மறுபடி சுழலும். சுழலுகிற பணத்துக்கு முதலீட்டாளர்கள் தானாக வருவார்கள். இந்த மலைக்கும் அப்படித்தான் வந்தார்கள்.

*

1980-கள், 90-களில் வருசநாடு, கம்பம் பள்ளத்தாக்கின் மலைகள், எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கி... இங்கெல்லாம் கஞ்சாத் தோட்டம் இருந்தது ஊரறிந்த சங்கதி. 'கம்பம் கஞ்சா' என்பது ஒரு பிராண்ட் பெயராகவே ஆகிப்போனது. மலையாளத்தில் 2013-ல் 'இடுக்கி கோல்ட்' என்று சினிமாவே எடுத்துவிட்டார்கள். நடுத்தர வயது நண்பர்கள் தங்கள் பள்ளிக்கால நினைவைத் தேடிப் போகிற படம். ரசித்துப் பார்க்கலாம். ஆனால், இழுத்தவனுக்குத்தான் அது நினைவு. பயிர் வைத்தவனுக்கு வேறு நினைவு.

அந்தத் தோட்டம் எப்படி நடந்தது என்று போடியில் வயதான ஒரு டீக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எஸ்டேட்ல எப்படியோ, அங்கயும் அப்படித்தாண்ணே. முதல்ல அட்வான்ஸு. வீட்ல ஒரு விசேஷம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவுன்னு கைநீட்டி வாங்கிருப்பாய்ங்க. அப்புறம் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் மேல போகும். இவன் காட்டுக்குள்ள குடிசையப் போட்டுக் கெடக்கணும். பன்னிய விரட்டணும், ஆளு வந்தா ஓடணும். சரக்கு எறங்குனதும் கடன் கழிஞ்சிருச்சானு கேட்டா, இன்னும் இருக்கும்பாய்ங்க."

"பணம் போட்டவர் மலைக்கு வரமாட்டாரா?"

"அவுக எதுக்குண்ணே வாராக? அவுகளுக்கு மூட்டு வலி!"

சிரித்துவிட்டு கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

தேயிலை, காபித் தோட்டங்களில் கங்காணி என்று ஒருவர் இருப்பார், ஆள் பிடித்து வர. கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார், பற்று எழுத. கஞ்சாத் தோட்டத்திலும் இந்த இரண்டு பேரும் உண்டு. போலீஸ் ரெய்டு போனபோதெல்லாம் அகப்பட்டது குடிசைக்காரன் மட்டுமே. கங்காணி ஓடிவிட்டான். கணக்குப்பிள்ளை மலைக்கே வரவில்லை.

*

செடியை வெட்டினார்கள், பிடுங்கினார்கள், எரித்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அட்டையும் யானையும் உள்ள காட்டில் நாள்கணக்கில் நடந்து போய்ச் செய்த வேலை. பலனும் கிடைத்தது. மலைச்சரிவு பூரா தோட்டம் போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது தமிழகத்தில் கஞ்சா சாகுபடி இல்லை, வெளியிலிருந்துதான் வருகிறது என்று போலீஸே சொல்லிவருகிறது.

சரி, நம்புவோம். அப்படியானால் தேனி, கம்பம், போடி என்று இன்னமும் ஏன் செய்தி வருகிறது?

செடி போனது, வியாபாரம் போகவில்லை. அதுதான் பதில்!

இங்கே வைத்த பயிர் ஆந்திரா - ஒடிசா எல்லை மலைகளுக்குப் போய்விட்டது. அங்கேயும் அதே கதை. சாலை இல்லாத மலைக்கிராமம், கடனாளிப் பழங்குடி விவசாயி, வெளியூர்க்காரன் கொடுக்கும் முன்பணம். அங்கிருந்து ரயிலிலும் லாரியிலும் தெற்கே வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிச் சின்னச் சின்னப் பொட்டலமாகிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வாசல் வழியாகக் கேரளத்துக்கு ஏறுகிறது. ஒருகாலத்தில் உற்பத்தி செய்த ஊர் இன்றைக்கு மொத்த வியாபாரக் கிடங்கு. ஆபத்து குறைந்து லாபம் அப்படியே இருக்கிற வேலை. எந்த பி.காம். மாணவனைக் கேட்டாலும் இதை 'வளர்ச்சி' என்றுதான் சொல்வான்!

ஆந்திரப் போலீஸ் 2022 பிப்ரவரியில் அனகாப்பள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்துவைத்துக் கொளுத்தியது. அந்தப் புகையை டி.வி-யில் நாடே பார்த்தது. தமிழகத்தில் 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. அப்புறம் 2.0 வந்தது, 3.0 வந்தது, 4.0-வும் வந்தது. சினிமாவில் இரண்டாம் பாகம் எடுத்தால் முதல் பாகம் வெற்றி என்று அர்த்தம். வேட்டையில் நாலாம் பாகம் எடுத்தால் என்ன அர்த்தம்?

*

"சட்டத்தில் அதிகாரம் போதாது" என்பார்கள். அந்தச் சாக்கு இங்கே செல்லாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது 1985-ல். அதை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

20-வது பிரிவு: கஞ்சாச் செடி வளர்த்தால் 10 வருஷம் வரை கடுங்காவல். கொல்லையில் ஒரு செடியா, காட்டில் ஆயிரம் செடியா... பிரிவு ஒன்றுதான். காய்ந்த சரக்கு என்றால் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. 10 முதல் 20 வருஷம், ஜாமீன் குதிரைக்கொம்பு. இதை வியாபாரி உங்களைவிட, என்னைவிட நன்றாகவே படித்திருக்கிறான். அதனால்தான் கட்டைப்பையில் இரண்டு கிலோ, நாலு கிலோ என்று பத்துக் குருவிகளிடம் பிரித்துக் கொடுக்கிறான். ஒரு குருவி மாட்டினால் நஷ்டம் பத்தில் ஒரு பங்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் இவனிடம் பாடம் கேட்கலாம்.

அடுத்து 47-வது பிரிவு. இதை யாரும் பேசுவதே இல்லை. எந்த நிலத்திலாவது கஞ்சா பயிராகிறது என்று தெரியவந்தால், அரசாங்க அதிகாரியும் கிராம அதிகாரியும் உடனே தகவல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் அலட்சியமாக இருந்தால் அவருக்கும் தண்டனை உண்டு. யோசித்துப் பாருங்கள்... மாதக்கணக்கில் வளர்கிற பயிர். ஆள் உயரத்தைத் தாண்டும் செடி. பூத்தால் வாசனை ஊருக்கே தெரியும். அரிசி மூட்டை மேலே போகிறது, சரக்கு மூட்டை கீழே வருகிறது. வருஷக்கணக்காக இது நடந்த மலையில், 47-வது பிரிவில் கைதாகிக் குத்தவைத்து உட்கார்ந்த ஓர் அதிகாரியின் படத்தை நீங்கள் பேப்பரில் பார்த்த ஞாபகம் உண்டா?

முத்தாய்ப்பு, 27-ஏ பிரிவு. பணம் போட்டவனுக்கும் அடைக்கலம் கொடுத்தவனுக்கும் என்றே எழுதியது. 10 முதல் 20 வருஷம். நம்ம 'மூட்டு வலி'க்காரருக்குத் தைத்த சட்டை! இதற்கு என்ன ஆனது தெரியுமா? 2014-ல் சட்டத்தைத் திருத்தும்போது வரையறைப் பகுதியில் ஓர் உட்பிரிவின் எண்ணை மாற்றினார்கள். அந்த எண்ணைக் குறிப்பிடுகிற 27-ஏ பிரிவில் மாற்ற மறந்துவிட்டார்கள். விளைவு, 27-ஏ சுட்டிக்காட்டிய இடத்தில் எதுவுமே இல்லை. விலாசம் இல்லாத கடிதம்! 2021 ஜூனில் திரிபுரா உயர் நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிச் சரிசெய்தார்கள்.

ஏழு வருஷம்! கூலியைப் பிடிக்கும் பிரிவில் ஓர் எழுத்து பிசகியிருந்தால், முதல் கேஸிலேயே தெரிந்திருக்கும். ஏனென்றால் அதைத் தினமும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். முதலாளியைப் பிடிக்கும் பிரிவு உடைந்து கிடந்தது தெரிய ஏழு வருஷம் ஆகிறது என்றால், அதை எத்தனை பேர் எடுத்துத் தூசு தட்டியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

*

இதற்கு நேர்மாறாக இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "அனுமதித்துவிட்டால் என்ன?" என்கிற கோஷ்டி. இவர்களிடமும் நிறையப் புள்ளிவிவரம் உண்டு. வெள்ளைக்காரன் 1893-ல் கமிஷன் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, தடை வேண்டாம், லைசென்ஸும் வரியும் போதும் என்றான். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் மிகக் கடுமையான பட்டியலில் இருந்து கஞ்சாவை நீக்க ஓட்டெடுப்பு நடத்தியபோது இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது. உத்தரகாண்ட் 2018-லேயே நார்ப் பயிராக வளர்க்க லைசென்ஸ் கொடுத்தது. இமாசலப் பிரதேசம் 2024-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது. எல்லாம் உண்மை.

தாய்லாந்து 2022-ல் கதவைத் திறந்துவிட்டதும் உண்மை. தெருவுக்குத் தெரு கடை முளைத்து, 2025-ல் 'டாக்டர் சீட்டு இருந்தால்தான்' என்று கதவைப் பாதி சாத்தியதும் உண்மை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் கஞ்சா, பாங்கு வகையறாவைப் பயன்படுத்துகிறவர்கள் சுமார் 3.1 கோடி பேர் என்றது. அத்தனை பேரையும் ஜெயிலில் போட முடியாது, போடவும் கூடாது. இழுப்பவனுக்கு வேண்டியது வைத்தியம். அதேசமயம், மீசை முளைக்காத வயதில் தொடங்கித் தினமும் இழுக்கிற பையனுக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது என்று மனநல மருத்துவர்கள் சொல்வதைக் கேலி பேசி ஒதுக்கவும் முடியாது. பெங்களூரு காபி ஷாப்பில் உட்கார்ந்து 'மூலிகைதானே சார்' என்கிறவருக்கு, கம்பத்தில் பிளஸ் டூ படிக்கும் பையனின் அம்மா பதில் சொல்வார்.

இன்னொன்றும் கேட்கிறேன். அனுமதி கொடுத்தால் குடிசைக்காரன் பிழைத்துவிடுவானா? பக்கத்திலேயே இருக்கிறது ஏலக்காய். சட்டப்படியான பயிர், வாரியம் இருக்கிறது, மின்னணு ஏலம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் தொட்டது. பேப்பரில் தலைப்புச் செய்தி. 2022-ல் அதே ஏலக்காய் ஆயிரத்துக்கும் கீழே! மருந்துக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் இறங்கவில்லை. இந்த ஏற்ற இறக்கத்தில் சிறு விவசாயி மூழ்குகிற நாளில்தான், 'அட்வான்ஸ்' வைத்திருப்பவன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். அவனுக்கு ஏலக்காயும் ஒன்று, கஞ்சாவும் ஒன்று.

*

விடிகாலையில் போடியிலோ தேவாரத்திலோ கம்பத்திலோ நின்று பாருங்கள். ஜீப்கள் வரிசையாகக் கிளம்பும். ஒவ்வொன்றிலும் ஆளை ஆள் இடித்துக்கொண்டு பெண்கள். மடியில் தூக்குச்சட்டி. மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் பழம் எடுக்கப் போகிறார்கள். பொழுது சாயத் திரும்புவார்கள். செக்போஸ்ட்டில் சோதனை என்றால் அவர்கள் பையும்தான் திறக்கப்படுகிறது. திறக்கட்டும், தப்பில்லை. வங்கிக் கணக்குப் புத்தகங்களும் அதே கறாரோடு திறக்கப்பட்டால், ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

அவர்கள் பிள்ளைகள் படித்துவிட்டுச் சென்னைக்கு வேலை தேடி வருகிறார்கள். மேன்ஷனில் ரூம் மேட் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "கம்பமா மச்சி... சரக்கு கிடைக்குமா?" பென்னிகுக் கட்டிய அணையின் தண்ணீரில் இருபோக நெல் விளைகிற பள்ளத்தாக்கு. திராட்சைக்கும் ஏலக்காய்க்கும் பேர் வாங்கிய ஊர்கள். நாலு பேர் சம்பாதித்த பணத்துக்கு நாலு லட்சம் பேர் அவமானத்தில் வட்டி கட்டுகிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. தென் மாவட்டங்களில் 2022-ல் கஞ்சா வியாபாரிகளின் வங்கிக் கணக்குகளையும், அவர்கள் உறவினர்களின் கணக்குகளையும் போலீஸ் முடக்கத் தொடங்கியது. சட்டத்தின் 5-ஏ அத்தியாயம் கொடுத்த அதிகாரம். சொத்தைத் தேடலாம், முடக்கலாம், பறிமுதல் செய்யலாம். செடியைப் பிடுங்கினால் இன்னொரு மலையில் முளைக்கும். கணக்கை முடக்கினால் எந்த மலையிலும் முளைக்காது. யாரோ ஒரு நல்ல அதிகாரி வந்தால் நடக்கும், மாற்றலாகிப் போனால் படுத்துவிடும் என்றில்லாமல், இது ஒவ்வொரு கேஸிலும் கட்டாயமாக வேண்டும்.

ஆகவே போலீஸ் உயர் அதிகாரிகளுக்கு ஒரு பி.காம்.காரனின் பணிவான யோசனை. இனிமேல் பத்திரிகைக்குக் கொடுக்கும் குறிப்பில் இரண்டு பத்தி இருக்கட்டும். முதல் பத்தியில் எத்தனை கிலோ, யார் சுமந்தது. இரண்டாவது பத்தியில் அதை வாங்கப் பணம் போட்டது யார், எந்தக் கணக்கில் இருந்து போனது, எந்தச் சொத்து முடக்கப்பட்டது. விசாரணை முடியாமல் சொல்ல முடியாது என்றால், முடிந்த பிறகு சொல்லுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.

பத்திரிகை நண்பர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான். இரண்டாவது பத்தி வராத குறிப்பை வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், கணக்குப்பிள்ளை பேர் என்ன?"